துக்க வீட்டில் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தலாமா?

ரூத்:
என் அக்காவின் மகனை அடக்கம் செய்த அன்று மாலை, ஜெபிக்க வந்த சபை மூப்பர் ஒருவர் அக்காவிடம், "இதற்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லம்மா, 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 அதைத்தானே சொல்கிறது" என்றார். அவள் வாய் திறக்கவில்லை. அவர் விடாமல் வற்புறுத்தினார். அதற்குப் பிறகு அக்கா ஜெபிப்பதையே நிறுத்திவிட்டாள். நன்றி சொல்ல முடியவில்லை என்றால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

காலேப்:
சகோதரி, உங்கள் அக்காவின் வேதனையைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனாலும் அந்த வசனத்தை நம் வசதிக்கு வளைக்கக் கூடாது. சுகமாக வாழ்ந்தவர்களுக்கா அப்போஸ்தலன் பவுல் அந்தக் கடிதத்தை எழுதினார்? அதைப் பெற்ற தெசலோனிக்கே சபையார் உபத்திரவத்தின் நடுவே விசுவாசத்துக்கு வந்தவர்கள். அவர்களில் சிலர் மரித்துப்போயிருந்தார்கள், மற்றவர்கள் அந்தத் துக்கத்தில் இருந்தார்கள். நாலாம் அதிகாரத்தில் அதைப் பற்றியே பேசுகிறார். அவர் மட்டும் என்ன, பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் உடன் ஊழியர் சீலாவோடு சேர்ந்து பாடியவர். மனம் இளகட்டும் என்று காத்திருந்தால் பலர் சாகும்வரை காத்திருப்பார்கள். நன்றி செலுத்துவது முதலில் கீழ்ப்படிதல். உணர்வு பிறகு வரும்.

ஒலிவமரம்:
பிலிப்பிச் சிறையைக் காலேப் பாதியில் விட்டுவிட்டார். விடிந்ததும் அதிகாரிகள் அவர்களை இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போக மறுத்தார். ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்பாகவும் அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). இரவில் துதி, காலையில் நியாயம் கேட்கும் குரல். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. நம்மிடையே துதி வாயடைக்கும் கருவியாகிவிட்டது. கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணை இதே வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

நீங்கள் காட்டும் வசனத்துக்கு நான்கு வசனம் முன்னால் பாருங்கள்: "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." ஆறுதல் சொல்ல வந்தவருக்குரிய கட்டளை இதுதான். அதைத் தாண்டிக் குதித்து, துக்கப்படுகிறவளிடம் பதினெட்டாம் வசனத்தை நீட்டியிருக்கிறார் அந்த மூப்பர்.

காலேப்:
அடிபடும் பெண்ணைத் திருப்பி அனுப்புவது பாவம். அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் நன்றியைக் குறித்துப் பேசுவதே கொடுமை என்கிற இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். 1944இல் நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் கொரி தென் பூம், பெட்சி என்ற டச்சுக் கிறிஸ்தவ அக்கா தங்கையர் அடைக்கப்பட்டிருந்தார்கள். தெள்ளுப்பூச்சிகளுக்காகக்கூட நன்றி சொல்வோம் என்றார் பெட்சி. கொரிக்கு மனம் ஒப்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூச்சிகளுக்குப் பயந்து காவலர்கள் உள்ளே வரவில்லை, அதனால்தான் அவர்களால் வேதம் வாசிக்க முடிந்தது என்று. பெட்சி தூண்டியிராவிட்டால் கொரி நன்றி சொல்லியிருப்பாரா?

ஒலிவமரம்:
அதே ஆண்டு டிசம்பரில் பெட்சி அந்த முகாமிலேயே இறந்தார். பூச்சிக்கு ஒரு பயன் தெரிந்தது. அந்தச் சாவுக்கு என்ன பயன் என்று கொரியிடம் கேட்பீர்களா? பெட்சிக்கு அப்படிப் பேச உரிமை இருந்தது; அவரும் அதே பூச்சிகளின் நடுவே படுத்தவர். வெளியிலிருந்து எவரும் வந்து சொல்லவில்லை.

யோபையும் பாருங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்னவர் பிள்ளைகளை இழந்த தகப்பன். மூன்றாம் அதிகாரத்தில் அவரே தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடைசியில் தேவன் யாரைக் கண்டித்தார்? விளக்கம் சொல்ல வந்த நண்பர்களை. அந்த நண்பர்கள் செய்த நல்ல காரியம், முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

காலேப்:
யோபு சபித்ததும் தேவனை விட்டு விலகாமல்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனால் தொடக்கம் முதல் கர்த்தரை நோக்கியே பேசுகிறது. ரூத்தின் அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டார். எல்லாரும் மரியாதையாக மௌனம் காத்தால் அவரை யார் திரும்ப அழைப்பது? இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்னாள்:
நான் விதவை, அதனால் பேசுகிறேன். யோவான் 11இல் "நீர் இங்கே இருந்தீரானால்" என்று, சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொல்கிறார்கள். குறைதான் அது. நன்றி சொல்லுங்கள் என்று அவர் அவர்களிடம் கேட்கவில்லை. அழுதார். பிறகு கல்லறை முன் நின்று, பிதாவுக்கு அவரே நன்றி சொன்னார். காலேப் ஐயா, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது: அவளால் முடியாததை அவளுக்காக நாம் செய்வோம். என் கணவர் போன பிறகு நெடுநாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. என் நாத்தனார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை எதுவும் கேட்காமல், அவர் வாழ்ந்த வருடங்களுக்காக நன்றி சொல்லி ஜெபித்துவிட்டுப் போவாள். மரணத்துக்காக அவள் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

காலேப்:
அதை மதிக்கிறேன், அம்மா. ஆனால் ஒருவருடைய துதியை இன்னொருவர் என்றைக்கும் சுமக்க முடியாது. ஒருநாள் அந்த வாய் தானாகத் திறக்க வேண்டும். அந்த நாள் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் கைவிட மாட்டேன்.

ரூத்:
அந்த மூப்பர் மறுபடி வீட்டுக்கு வர விரும்புகிறார். அக்காவே அழைக்கும்வரை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். காலேப் அண்ணா, உங்கள் பயம் எனக்கும் உண்டு. 88ஆம் சங்கீதத்தை அவளிடம் வாசித்துக் காட்டுகிறேன். நன்றியைப் பற்றி இப்போது பேசமாட்டேன். அவன் பிறந்ததற்கும் வாழ்ந்ததற்கும் அவள் காது கேட்க நான் நன்றி சொல்கிறேன்.