மெல்லிய முடியில் சுருள் நிற்க அயர்னா, பழைய புடவைத் துணியா?

எலிவால்சடை:
அடுத்த மாதம் தங்கைக்கு ரிசப்ஷன், சென்னையில் கடற்கரையை ஒட்டிய மண்டபம். போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கர்லிங் அயர்னை 210 டிகிரியில் வைத்து ஒன்றரை மணி நேரம் கை வலிக்கச் சுருட்டினேன். வாசலில் சந்தனம் எடுப்பதற்குள் பாதி அவிழ்ந்துவிட்டது, பந்தியில் உட்காரும்போது பழையபடி நூலாகத் தொங்குகிறது. முடி குறைவு இல்லை, இழைதான் ரொம்ப மெல்லிசு. அன்று காலைதான் தலைக்குக் குளித்து, வேர் முதல் நுனி வரை கண்டிஷனர் போட்டிருந்தேன். எங்கே தப்பு?

கிளிப்ராணி:
210-ஆ! அது முடியைப் பொசுக்கும், சுருளை நிறுத்தாது. மெல்லிய இழைக்கு 150 போதும், மிஞ்சினால் 160. சூட்டில் முடி இளகத்தான் செய்யும், வளைவு பிடிப்பது ஆறும்போது. நீங்கள் சுருட்டியதும் அப்படியே தொங்க விட்டிருப்பீர்கள், அது சூட்டோடு தன் கனத்திலேயே நீண்டு, நீண்டபடியே ஆறியிருக்கும். அயர்னிலிருந்து உருவியதும் வளையத்தை உள்ளங்கையில் தாங்கி, தலையோடு சேர்த்துக் கிளிப் குத்துங்கள். எல்லாம் முடிந்து 20 நிமிடம் தொடாதீர்கள், அதற்குள் புடவை கட்டிவிடலாம். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். அப்புறம் ஈர முடியில் எலுமிச்சை அளவு மூஸ் (முடிக்குப் பிடிப்புத் தரும் நுரை) தடவி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் அயர்ன்.

பழையபுடவை:
மூஸ், கிளிப், 20 நிமிடக் காவல், இவ்வளவும் எதற்கு? பழைய காட்டன் புடவையை 2 அங்குலப் பட்டையாகக் கிழித்து, இரவு முடி முக்கால்வாசி காய்ந்ததும் அதில் சுற்றி முடிச்சுப் போட்டுப் படுங்கள். சூடு செய்யும் அதே வேலையைத் தண்ணீரும் செய்யும். நனைந்தால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி பிணையும். அயர்ன் அதை நொடிகளில் முடிக்கிறது, துணிக்கு ஒரு ராத்திரி. ஆனால் முடி கருகாது.

கிளிப்ராணி:
பிணைப்புக் கதையெல்லாம் சரி. சுற்றின முடியின் நடுப்பகுதி விடிகாலை வரை ஈரமாகவே இருந்தால்? எனக்கு அப்படித்தான் ஆனது, அவிழ்த்த பத்தாவது நிமிடம் பாதித் தலை நேர்முடி. முடிச்சு உறுத்தித் தூக்கமும் போனது. ரிசப்ஷன் அன்று அந்தச் சூதாட்டம் எதற்கு?

பழையபுடவை:
ஒரு கைப்பிடி முடியை ஒரே பட்டையில் சுற்றினால் எப்படிக் காயும்? 12 பட்டையாவது வேண்டும். சுற்றுவதில் சோம்பல், பழி மட்டும் துணி மேல்.

பார்லர்க்காரி:
இரண்டு பேரும் கடற்காற்றை மறந்துவிட்டீர்கள். காற்றில் இருக்கும் ஈரமும் தண்ணீர்தானே, எந்த வழியில் சுருட்டினாலும் அது மெல்ல அவிழ்க்கத்தான் செய்யும். மெல்லிய முடியில் சீக்கிரம் தெரியும். அதனால் தேவைப்படுவதைவிட இறுக்கமாகத் தொடங்குங்கள், ஒன்றரை அங்குலத் தடிமன் அயர்ன் வேண்டாம், ஒரு அங்குலம் எடுங்கள். ஆறின பிறகு சீப்பு வைக்காமல் விரலால் பிரித்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஹேர்ஸ்ப்ரே. கிளிசரின் உள்ள சீரம் ஈரத்தை இழுக்கும், அன்று தொட வேண்டாம். எண்ணெயும் முந்தின இரவு வேண்டாம். அயர்ன் வைக்கும்போது சொய்யென்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து இழையே வெடிக்கும். முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டால் பிடிப்பு இன்னும் நன்றாக வரும்.

பழையபுடவை:
முதல் நாளேவா? சென்னை வெயிலில் மெல்லிய முடி மறுநாளே உச்சந்தலையோடு ஒட்டிக்கொள்ளும் அக்கா. ஏசி பார்லரில் இருந்து சொல்வது சுலபம்.

பார்லர்க்காரி:
என் பார்லரில் ஒரு மின்விசிறிதான் இருக்கிறது, அதுவும் கிரீச் கிரீச்சென்று. ஒட்டினால் வேரில் துளி உலர் ஷாம்பூ, அதுதான் தண்ணீர் இல்லாமலே பிசுக்கை உறிஞ்சுவது, அடித்துக்கொள்ளலாம்.

எலிவால்சடை:
சண்டை முடியாது என்று தெரிந்ததால் சனிக்கிழமை நானே சோதித்தேன். இடப்பக்கம் 150-ல் அயர்ன், கிளிப், ஸ்ப்ரே. வலப்பக்கம் முந்தின இரவே துணி, 6 பட்டை. காலை 10 மணிக்கு அயர்ன் பக்கம் பளபளவென்று அழகு, துணிப் பக்கம் பரட்டை. மாலை 4 மணிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துவைத்த துணிகளை எடுத்துவிட்டு வந்து பார்த்தால் அயர்ன் பக்கம் அலையாகத் தளர்ந்திருந்தது, துணிப் பக்கம் அப்படியே. பரட்டையும் அப்படியே. அம்மா பார்த்துவிட்டு இரண்டு பேர் தலையா என்று கேட்டார்.

பழையபுடவை:
நின்றது எது? அவ்வளவுதான்.

கிளிப்ராணி:
பரட்டை நின்றதை வெற்றி என்கிறீர்களா! ரிசப்ஷன் மாலை 7 மணிக்கு, 5 மணிக்குச் சுருட்டினால் போதாதா?

எலிவால்சடை:
முடிவு செய்துவிட்டேன். பின்பக்கம் துணி, போட்டோவில் விழும் முன்பக்கம் 5 மணிக்கு அயர்ன். கிளிப் எத்தனை வாங்க வேண்டும்?

கிளிப்ராணி:
முன்பக்கத்துக்கு 10. பின்பக்கத்துக்கும் சேர்த்து 20-ஆக வாங்கி வையுங்கள், அந்தத் துணி கைவிட்டால் தேவைப்படும்.