ஒரே ஆளைப் பார்த்து அத்தைக்கு ஒன்று தோன்றுகிறது, எனக்கு வேறு தோன்றுகிறது. ஏன்?

கொலுசுப்பட்டறை:
சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பாதி வேலை வெளியே, வீடுகளில் நடக்கும். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்தனுப்புவோம், சேதாரம் கழித்துக் கொலுசாக எடை போட்டு வாங்குவோம். அதனால் புது ஆள் எப்படிப்பட்டவர் என்று கணிப்பது எங்களுக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

போன வாரம் பற்றவைக்கும் வேலை கேட்டு ஒரு பையன் வந்தான். அவன் போனதும் மாமியார், "முகம் கொடுத்தே பேசல, வேண்டாம்மா" என்றார். நான் பார்த்தது வேறு. மாதிரிக் கொலுசைக் கையில் கொடுத்ததும் மேல் வேலைப்பாட்டை அவன் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு, பற்று வைத்த இடத்தை நகத்தால் தடவினான். கொக்கியை இரண்டு தரம் மாட்டிக் கழற்றினான். தொழிலை மதிக்கிறவன் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்காரரோ யார் வந்தாலும் "நல்ல பையனாத்தான் தெரியுது" என்பார்.

ஒரே ஆள் எப்படி மூன்று பேருக்கு மூன்று விதமாகத் தெரிகிறான்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகலூர்க்காரன்:
ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்க்கிறேன். பழம் பறிக்க ஆள் எடுக்கும்போது மேஸ்திரி, சரிவில் கால் ஊன்றுகிற விதத்தைத்தான் பார்ப்பார். நான் கூட வந்தவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பேன். யாருக்கு எதில் அடி விழுந்ததோ, கண் அங்கேதான் முதலில் போகும். உங்கள் அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

உளவியல் டீச்சர்:
சேலத்தில் கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன். 1946-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிய குணப் பட்டியலை இரண்டு குழுக்களிடம் வாசித்தார். ஒன்றில் 'அன்பானவர்' என்று இருந்தது, மற்றதில் அதே இடத்தில் 'ஒட்டாதவர்'. மீதிச் சொற்கள் அப்படியே. ஆனாலும் முதல் குழு அவரைத் தாராள மனசுக்காரர் என்றது, இரண்டாவது குழுவில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. முகம் கொடுக்காதது உங்கள் அத்தைக்கு அந்த ஒற்றைச் சொல் மாதிரி.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கும் ஆய்வு இருக்கிறது. டேவிட் கென்னி போன்ற உளவியல் ஆய்வாளர்கள், நாம் ஒருவருக்குப் போடும் மார்க்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பங்கு பார்க்கப்படுகிறவருடையது, ஒரு பங்கு பார்க்கிறவருடைய வழக்கம், இன்னொன்று அந்த இருவருக்குள் மட்டும் நடப்பது. எல்லாரையும் நல்லவராகப் பார்ப்பது அவருடைய பங்கு. அதில் அந்தப் பையனைப் பற்றிய செய்தி குறைவு.

முக்கியமானது ஒன்று. ஒருவர் கலகலப்பானவரா என்பதில் முதல் பார்வையிலேயே அந்நியர்கள் ஓரளவு ஒத்துப்போவார்கள். நாணயம் அப்படிச் சட்டென்று தெரிகிற குணம் இல்லை. கூச்சத்தைக் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாவம் அந்தப் பையன். அதே சமயம், கை சுத்தம் உங்களுக்குத் தெரிந்தது தொழிலில் மட்டும்தான். கணக்கிலும் சுத்தமா என்பதை அந்த நகம் சொல்லவில்லை. இனிமேல் பேசிக்கொள்வதற்கு முன் மூன்று பேரும் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் கணிப்பும் சாய்ந்துவிடும்.

கொலுசுப்பட்டறை:
ரொம்ப நன்றி டீச்சர். அண்ணா, கேட்டேன். மாமனார் காலத்தில் ஒருவர் வெள்ளியோடு ஊரைவிட்டே போய்விட்டாராம். அவரும் நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிறவராம். இத்தனை வருஷத்தில் அத்தை இதை என்னிடம் சொன்னதே இல்லை. அவர் பயம் நியாயம்தான், ஆனால் அது இந்தப் பையன் கணக்கில் ஏறக்கூடாது. முதல் மாதம் பட்டறையிலேயே உட்கார்ந்து வேலை செய்யட்டும், வெளியே வெள்ளி கொடுப்பதை அப்புறம் பார்ப்போம் என்றேன். அத்தை சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.