புதுப்பிப்பு: இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் இரண்டு கட்டங்களுக்கு இடையிலான தூரம் 2 மி.மீ. குறைவாகக் காட்டியது – தீர்ந்தது

அழைப்பிதழ் வடிவமைப்பில் வெவ்வேறு லேயர்களில் (அடுக்குகளில்) இருந்த இரண்டு கட்டங்களுக்கு இடையே 10 மி.மீ. விட்டிருந்தும், மேல்பட்டையின் எக்ஸ் (கிடைமட்ட இடம்), அகல மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் 8 மி.மீ. மட்டுமே வருகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கோட்டின் தடிமனைப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது. என் கட்டங்களின் கோடு 2 மி.மீ. தடிமன் கொண்டது, அதில் பாதி பாதைக்கு (கட்டத்தின் வரையப்பட்ட விளிம்புக்கு) வெளியே விழுவதால், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்கு 1 மி.மீ. கூடுதலாகக் கணக்கில் ஏறியிருந்தது. பிரிஃபரன்சஸில் (அமைப்புகளில்) டூல்ஸ் பகுதியில் எல்லைக் கட்டத்தை, அதாவது பொருளின் அளவை எங்கிருந்து எங்கு வரை எடுப்பது என்பதை, ‘விஷுவல்’ (கோட்டின் தடிமனையும் சேர்த்து) என்பதிலிருந்து ‘ஜியோமெட்ரிக்’ (பாதையை மட்டும்) என்று மாற்றியதும் 10 மி.மீ. சரியாக வந்தது. ஆனால் அச்சில் கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம் 8 மி.மீ.தான் என்பதால், அழகுக்காக இடைவெளி விடுபவர்கள் ‘விஷுவல்’ அளவையே நம்புவது நல்லது.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. 0.92 பதிப்பில் நான் குறித்து வைத்திருந்த ஒய் (செங்குத்து இடம்) மதிப்புகள் எதுவும் பொருந்தவில்லை; 1.0 பதிப்பிலிருந்து அளவின் தொடக்கப் புள்ளி இடது கீழ் மூலையிலிருந்து இடது மேல் மூலைக்கு மாறியிருக்கிறது. பழைய முறையே வேண்டுமென்றால், பிரிஃபரன்சஸின் இன்டர்ஃபேஸ் பகுதியில் மேல் மூலையைத் தொடக்கமாக்கும் தேர்வை நீக்கிவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.