படகு டிரெய்லரைப் பின்னால் எடுக்கப் பழகுவது எப்படி?

கேள்வி:
தொண்டியில் 18 அடி ஃபைபர் வள்ளத்தை ரெண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப்பில் இழுக்கிறோம். முன்னே போவதில் சிக்கலில்லை. பின்னால் எடுத்தால் டிரெய்லர் மடங்கி பம்பரில் இடிக்குது. வழி சொல்லுங்க அண்ணே.

பதில் 1:
தம்பி, ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடிங்க. டிரெய்லர் வலப்பக்கம் போகணும்னா கையையும் வலப்பக்கம் தள்ளுங்க. அது திரும்ப ஆரம்பிச்சதுமே எதிர்ப்பக்கம் ஒடிச்சு, அதன் பின்னாலேயே வண்டியைக் கொண்டு போகணும். நிறைய ஒடிச்சுட்டுத் தாமதமா மீட்கிறதால்தான் மடங்குது. நேரா வரும்போது எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் பெரிசாத் தெரியுதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்க (அடியில் இருக்கிற கை எதிர்ப்பக்கம் போகும்), நேராகிடும். மடங்கிட்டா மேலும் தள்ளாதீங்க. முன்னே இழுத்து நேராக்குங்க. குட்டை டிரெய்லர் சட்டுன்னு மடங்கும், அதனால் ஊர்ந்தபடியே எடுங்க. முதலில் காலி டிரெய்லரோட பொட்டல்ல பழகுங்க.

பதில் 2:
எடையையும் பாருங்க. கொக்கி மேல் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கணும். 600 கிலோன்னா 30 முதல் 60. எஞ்சின் பின்னால் தொங்கினா பின்பாரமாகி, ஈசிஆரில் வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலாட்டும். ஐஸ் பெட்டி, வலையை முன்னே நகர்த்துங்க. பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்க.

பதில் 3:
பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, வள்ளம் மிதக்கணும்னு அச்சு முங்கும்வரை டிரெய்லரைத் தண்ணியில் இறக்கத் தோணும். ஓடி வந்த சூட்டோட இறக்கவே கூடாது. சக்கரக் குடம் (பேரிங் இருக்கிற நடுப்பகுதி) திடீர்னு குளிர்ந்தா உள்காற்று சுருங்கி, சீல் வழியா உப்புத்தண்ணியை இழுக்கும். கிரீஸ் கெட்டு பேரிங் போயிடும். தொட்டா சூடில்லாத அளவுக்கு ஆறவிடுங்க. திரும்பி வந்ததும் நல்லதண்ணியில் கழுவுங்க.