மனச்சோர்வு மாத்திரைய நிறுத்தினா தான் விசுவாசமா?

மாராள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப யோசிச்சுட்டு தான் இதை எழுதுறேன். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை எடுத்துட்டு இருக்கேன், வீட்டுக்காரருக்கு தெரியும், சபைல யாருக்கும் தெரியாது. மாத்திரை அட்டைய பைபிள் ஜிப் கவருக்குள்ள வெச்சிருந்தேன், ஜெபக் குழுவுல வசனம் எடுக்கும்போது எல்லார் முன்னாடியும் கீழ விழுந்துடுச்சு. குழு லீடர் அக்கா திட்டல, அன்பா தான் பேசினாங்க, "வர்ற உபவாச ஜெபத்தோட இதை நிறுத்திடும்மா, கர்த்தர் பாத்துப்பார், அப்புறம் நீயே வந்து சாட்சி சொல்லு"ன்னாங்க. இதை ஆரம்பிச்ச அப்புறம் தான் ராத்திரி தூக்கம் வருது, பைபிள்ல ஒரு அதிகாரம் முழுசா படிக்க முடியுது, முன்னாடியெல்லாம் ஒரே வசனத்த வெறிச்சு பாத்துட்டே உக்காந்திருப்பேன். ஆனா அக்காவ எதிர்த்து பேசவும் தைரியம் இல்ல. மாத்திரை சாப்பிடுறது விசுவாசக் குறைவா? வசனத்தோட சொல்லுங்க ப்ளீஸ்.

அக்கினி ஊழியன்:
சிஸ்டர், உங்க லீடர் சரியா தான் சொல்லியிருக்காங்க. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" ஏசாயா 53:5, இதுல உடம்புக்கு மட்டும்னு போடல. ஏசாயா 61:3ல "ஒடுங்கின ஆவி"ன்னே இருக்கு, அதுக்கு மருந்து துதியின் உடைன்னு அதே வசனம் சொல்லுது. ஆசா ராஜா கதை தெரியும்ல, 2 நாளாகமம் 16:12, கால்ல வியாதி வந்தப்போ "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்", அடுத்த வசனத்துலயே செத்துட்டான். நான் டாக்டர்களுக்கு விரோதி இல்ல, எலும்பு முறிஞ்சா போங்க, ஆனா இது ஆவிக்குரிய போராட்டம், இதை மாத்திரை போட்டு மூடி வைக்க முடியாது. விசுவாசத்துல ஒரு அடி எடுத்து வைங்க.

பெரேயா வாசகன்:
பிரதர், ஆசாவ பாதில இருந்து ஆரம்பிச்சிட்டீங்க. அதே 16ம் அதிகாரத்த மேல இருந்து படிங்க, இஸ்ரவேல் ராஜா பாஷா யுத்தத்துக்கு வந்தப்போ ஆசா ஆலயத்து வெள்ளி பொன்ன எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்புறான், அதை கண்டிச்ச ஞானதிருஷ்டிக்காரன ஜெயில்ல போடுறான், ஜனங்கள்ல சிலர கொடுமைப்படுத்துறான். கடைசி வருஷங்கள்ல கர்த்தர ஒதுக்கி வெச்ச ஆளு வியாதியிலயும் அப்படியே இருந்தான், இது தான் விஷயம். அழுது ஜெபிச்சுட்டு டாக்டர் கிட்ட போற ஒரு சிஸ்டர எப்படி ஆசா லிஸ்ட்ல சேக்குறீங்க?

அப்புறம் 53:5. அதே ஏசாயா புஸ்தகம் 38ம் அதிகாரம் பாருங்க. வியாதியா கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டி தர்றேன்னு கர்த்தர் 5ம் வசனத்துலயே வாக்கு கொடுத்தாச்சு. அதுக்கு அப்புறமும் 21ம் வசனத்துல ஏசாயா என்ன சொல்றார்? அத்திப்பழத்து அடைய கொண்டுவந்து பிளவை மேல பத்து போடுங்கன்னு. வாக்குத்தத்தமும் இருக்கு, பத்தும் இருக்கு, எசேக்கியாவ யாரும் விசுவாசக் குறைவுன்னு சொல்லல.

பழைய பாதை:
ரெண்டு பேர் கூடவும் எனக்கு ஒத்துப் போகல. அக்கினி பிரதர் எல்லாத்தையும் பிசாசு கணக்குல எழுதுறார், பெரேயா தம்பி எல்லாத்தையும் உடம்பு கணக்குல எழுதுறார். எசேக்கியாவுக்கு வந்தது பிளவை, கண்ணுக்கு தெரியும், தொட்டா வலிக்கும். மனசு அப்படியா? அடுத்து யாராவது வந்து "சுகருக்கு மாத்திரை சாப்பிடுறோமே, அதே மாதிரி தான் இதுவும்"னு சொல்வீங்க, எல்லா இடத்துலயும் இதை தான் சொல்றாங்க. சுகருக்கு ரத்தம் எடுத்தா நம்பர் வரும், மனச்சோர்வுக்கு எந்த ரத்தப் பரிசோதனைல நம்பர் வருது? கேள்வி கேட்டு பதில வெச்சு தான டாக்டரும் முடிவு பண்றார்.

சங்கீதம் 32 படிங்க. தாவீது பாவத்த அடக்கி வெச்சப்போ எலும்பு உலர்ந்துபோச்சுன்றான், ராவும் பகலும் தேவனோட கை பாரமா இருந்துச்சுன்றான். அன்னைக்கு ஒரு மாத்திரை இருந்து அவன் அதை போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருந்தா அறிக்கை செஞ்சிருப்பானா? எல்லா துக்கமும் நோய் இல்ல, சில துக்கம் கர்த்தர் அனுப்புற அலாரம். ஜே ஆடம்ஸ்னு ஒரு அமெரிக்க போதகர் 1970லயே இதை வெச்சு சண்டை போட்டார், ஆத்தும கவனிப்ப சபை கைகழுவிட்டு மனநல டாக்டர் கிட்ட தள்ளிவிடுதுன்னு. அவர் சொன்ன எல்லாமே சரின்னு நான் சொல்லல, ஆனா அந்த புகார் நிஜம். நம்ம பாஸ்டருங்கள்ல எத்தன பேர் ஒரு விசுவாசி வீட்ல ஒரு மணி நேரம் உக்காந்து காது கொடுத்து கேக்குறாங்க சொல்லுங்க?

பெரேயா வாசகன்:
கடைசி வரிக்கு ஆமென் ஐயா. ஆனா நீங்க பியூரிட்டன்ஸ (அந்தக் கால இங்கிலாந்து பக்தி எழுத்தாளர்கள) விரும்பி படிக்கிறவர், அதனால உங்க ஆளையே கூட்டிட்டு வரேன். ரிச்சர்ட் பாக்ஸ்டர், 17ம் நூற்றாண்டு பியூரிட்டன் போதகர், விசுவாசிகளோட மனச்சோர்வ பத்தி பக்கம் பக்கமா எழுதினவர். அவர் என்ன சொல்றார்னா, மத்த வழில சரியாகலன்னா மருந்த அலட்சியப்படுத்தாதீங்க, நோயாளி இது மனசுல மட்டும் தான் இருக்குன்னு நெனச்சு மருந்து வேணாம்னு அடம்பிடிப்பாங்க, அப்பவும் பேசி சம்மதிக்க வெச்சு கொடுங்கன்னு. இன்னைக்கு இருக்கற மாத்திரை எதுவும் அன்னைக்கு கிடையாது, மருந்து கம்பெனி விளம்பரமும் கிடையாது. பாவத்த அவர் லேசா எடுத்துக்கிட்டார்னு யாரும் சொல்ல முடியாது, அப்படிப்பட்டவர் தான் இதை சொல்றார்.

எலியா தீர்க்கதரிசியும் இருக்கார். 1 இராஜாக்கள் 19, சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு கேக்குறார், கர்மேல் மலைல அக்கினி இறங்கினதுக்கு அப்புறம் தான் இது நடக்குது. கர்த்தர் அந்த ஜெபத்துக்கு பதில் கொடுக்கல, தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் கொடுத்தார், தூங்க விட்டார், திரும்ப எழுப்பி திரும்ப சாப்பிட வெச்சார். "இங்கே உனக்கு என்ன காரியம்"ன்ற கேள்வி ஓரேப் மலைக்கு போய் தான் வருது, அதுக்கு நடுவுல நாப்பது நாள்.

பழைய பாதை:
பாக்ஸ்டர் விஷயம் சரி தம்பி, மறுக்கல. ஆனா "மத்த வழில சரியாகலன்னா"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, இன்னைக்கு அது தலைகீழா இருக்கு, முதல்ல சீட்டு எழுதுறாங்க, மத்த வழிய யாரும் பாக்குறதே இல்ல. எலியாவுக்கு அந்த கேள்வி லேட்டா வந்துச்சு, ஆனா வராம இருக்கல. நான் கேக்குறது அவ்ளோ தான்.

மாராள்:
பழைய பாதை ஐயா, நீங்க கோவமா எழுதலன்னு தெரியுது, ஆனா 32ம் சங்கீதம் பத்தி ஒன்னு சொல்லணும். என்ன பாவம் என்ன பாவம்னு நான் தேடாத நாளே இல்ல. சின்ன வயசுல பண்ணதெல்லாம் எழுதி வெச்சு அறிக்கை செஞ்சேன், ஒரே பாவத்த திரும்ப திரும்ப அறிக்கை செஞ்சேன், மன்னிச்சிட்டார்னு தலைக்கு தெரியுது உள்ள ஒன்னுமே இறங்கல. கடைசில நான் ரட்சிக்கப்பட்டவளே இல்ல போலன்னு ஒரு முடிவுக்கே வந்துட்டேன். தாவீதுக்கு அறிக்கை செஞ்சதும் பாரம் போச்சு. எனக்கு போகலயே. அப்போ இது வேற ஏதோன்னு தான எடுத்துக்கணும்?

பழைய பாதை:
அம்மா, நீங்க சொல்ற இந்த நிலைமைக்கு 32 பொருந்தாது. இல்லாத பாவத்த தோண்டிட்டே இருக்கறது மனந்திரும்புதல் இல்ல, பாக்ஸ்டரே அதை ஒரு அறிகுறியா தான் எழுதுறார். நான் பொதுவா பேசினேன், உங்கள வெச்சு பேசல. நீங்க 88ம் சங்கீதம் படிங்க, அதுல கடைசி வரைக்கும் விடியல் வரல, சிநேகிதனும் போயிட்டான் தோழனும் போயிட்டான்னு அப்படியே முடியுது, ஆனா அதையும் கர்த்தர பாத்து தான் சொல்றான்.

வார்டு சிஸ்டர்:
நான் மனநல வார்டுல நர்ஸ், விசுவாசி தான், வாக்குவாதத்துக்கு வரல, ஒரு விஷயம் மட்டும் எல்லாரும் காது கொடுத்து கேளுங்க. இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தாதீங்க. பல மாத்திரைக்கு திடீர்னு விட்டா தலை சுத்தல், குமட்டல், தூக்கம் கெடுறது, தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு, காரணமே இல்லாம எரிச்சல் அழுகை எல்லாம் வரும். இதை பாத்துட்டு ஒரு கூட்டம் "பாரு அடிமையாக்கிடுச்சு"ன்னும் இன்னொரு கூட்டம் "பாரு ஆவி வெளிய போகுது"ன்னும் சொல்வாங்க, ரெண்டும் இல்ல. நிறுத்தணும்னா டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். சில பேருக்கு நிறுத்தின உடனே நல்லா தான் இருக்கும், சாட்சி கூட சொல்லிடுவாங்க, சில மாசம் கழிச்சு நோய் திரும்பி வரும், அப்போ சபைல சொல்ல வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே கிடப்பாங்க.

பழைய பாதை ஐயா, நம்பர் வராதுன்றது உண்மை தான், ஆனா நல்ல டாக்டர் முதல்ல தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பாக்க சொல்வார், தைராய்டு குறைஞ்சாலும் இதே சோர்வு வரும். மாராள் சிஸ்டர், அதெல்லாம் பாத்தாச்சான்னு கேட்டுக்கோங்க.

அக்கினி ஊழியன்:
சிஸ்டர் நீங்க மருத்துவ பக்கம் சொல்றீங்க, மதிக்கிறேன். ஆனா எங்க சபைல ஒரு தம்பி இதே மாதிரி வருஷக்கணக்கா மாத்திரைல இருந்தவர், உபவாச ஜெபத்துல நிறுத்தினார், இன்னைக்கு வாலிபர் கூட்டத்துல பாட்டு நடத்துறார். இதை எந்த கணக்குல எழுதுவீங்க? தேவன் இன்னைக்கும் சுகமாக்குறார்னு நம்புறீங்களா இல்லையா, எனக்கு அது மட்டும் சொல்லுங்க.

பெரேயா வாசகன்:
நம்புறேன். அந்த தம்பிக்காக கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நிஜமாவே. ஆனா நிறுத்திட்டு விழுந்தவங்க கைல யாரு மைக் கொடுத்தா? சாட்சி நேரத்துல ஜெயிச்சவங்க மட்டும் தான் மேடை ஏறுறாங்க, அதை வெச்சு எப்படி பிரதர் ஒரு உபதேசம் பண்றது? பவுல் கைப்பட்ட உறுமாலே வியாதிய விரட்டுச்சுன்னு அப்போஸ்தலர் 19ல இருக்கு, அதே பவுல் கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமுவ வியாதியோட மிலேத்துல விட்டுட்டு வர்றார், தீமோத்தேயு வயித்துக்கு கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்றார், பிரியமான வைத்தியன் லூக்காவ கூடவே வெச்சிருக்கார். 2 கொரிந்தியர் 1:8ல பிழைப்போம்ன்ற நம்பிக்கையே போச்சுன்னு தன்ன பத்தியே எழுதுறார்.

19ம் நூற்றாண்டு இங்கிலாந்து பிரசங்கியார் ஸ்பர்ஜன் பேர சொன்னா எல்லாரும் ஆமென் போடுவீங்க. 1856 அக்டோபர்ல லண்டன்ல சர்ரே கார்டன்ஸ் மண்டபத்துல அவர் பிரசங்கம் பண்ணும்போது யாரோ நெருப்புன்னு கத்த, நெரிசல்ல 7 பேர் செத்துட்டாங்க, அவருக்கு அப்போ 22 வயசு. அந்த அடி அவர சாகுற வரைக்கும் விடல, ஊழியக்காரங்களுக்கு வர்ற சோர்வ பத்தி தன் மாணவர்களுக்கு தனியா ஒரு பாடமே எடுத்திருக்கார். அவர கூப்பிட்டு ஒடுங்கின ஆவின்னு கை வெச்சு துரத்தியிருப்பீங்களா?

அக்கினி ஊழியன்:
ஸ்பர்ஜன் மாத்திரை சாப்பிடலையே பிரதர்.

பெரேயா வாசகன்:
கண்டுபிடிக்கலையே பிரதர்.

மாராள்:
வார்டு சிஸ்டர், எங்க குழுவுல உபவாசம் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும், தண்ணி கூட இல்லாம. மாத்திரைய நிறுத்தாம உபவாசத்துல மட்டும் கலந்துக்கலாமா?

வார்டு சிஸ்டர்:
என்ன மாத்திரைன்னு தெரியாம நான் சொல்ல முடியாதும்மா, டாக்டர் கிட்ட போன் பண்ணி இதை அப்படியே கேளுங்க, வெக்கப்படாதீங்க. இதை படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், லித்தியம்ன்ற மனநல மாத்திரை எடுக்கறவங்க தண்ணி இல்லாம உபவாசம் இருக்கவே கூடாது, உடம்புல நீர் வத்தினா ரத்தத்துல லித்தியம் ஏறிடும், கை நடுங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும், உயிருக்கே ஆபத்து. லித்தியம் எடுக்கறவங்கள்ல நிறைய பேருக்கு ஏற்ற இறக்கமா வர்ற மனநோய். அந்த நோய்ல மனசு ஏறும்போது ராத்திரி முழுக்க தூங்காம ஜெபிப்பாங்க, நிறுத்தாம பேசுவாங்க, கைல இருக்கற காசெல்லாம் காணிக்கையா போட்டுடுவாங்க, சபைல அபிஷேகம் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, வீட்ல இருக்கறவங்களுக்கு தான் ஏதோ சரியில்லன்னு தெரியும்.

பழைய பாதை:
மாராள் அம்மா, ஒரு வேளை சாப்பாட்ட மட்டும் விடுங்க, இல்லன்னா அதுவும் வேணாம், உபவாசம் ரட்சிப்புக்கு கட்டணம் இல்ல. மாத்திரை விஷயத்துல டாக்டர் சொல்றத கேளுங்க. பெரேயா தம்பி, இதனால நான் உங்க பக்கம் வந்துட்டேன்னு நெனச்சுடாதீங்க. துக்கம்னு வந்தாலே சீட்டுன்ற பழக்கம் சபைக்குள்ள வந்தா நாளைக்கு மனசாட்சி குத்துறதுக்கும் மாத்திரை கேப்பாங்க.

பெரேயா வாசகன்:
கேக்கட்டும் ஐயா, அதுக்கு மாத்திரை இல்லன்னு டாக்டரே சொல்லிடுவார். அக்கினி பிரதர், உங்களுக்கு ஒரு கேள்வி. இந்த சிஸ்டர் உங்க பேச்ச கேட்டு நிறுத்திட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு வாழவே வேணாம்னு உக்காந்திருந்தா யாரு கூட இருப்பா?

அக்கினி ஊழியன்:
எங்க சபைல 24 மணி நேர ஜெப லைன் இருக்கு பிரதர், எப்போ வேணா கூப்பிடலாம், எடுப்பாங்க. நாங்க யாரையும் கைவிடுறவங்க இல்ல.

வார்டு சிஸ்டர்:
நல்ல விஷயம் பிரதர், மனசார சொல்றேன். அந்த லைன்ல போன் எடுக்கறவங்க, ஜெபிச்சு முடிச்சதும் "இப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க"ன்னு சொல்ல அவங்களுக்கு அனுமதி இருக்கா?

அக்கினி ஊழியன்:
பாஸ்டர் கிட்ட கேட்டு சொல்றேன் சிஸ்டர்.