புதுப்பிப்பு: சோலர் தேடலில் 'கொங்கு' பாதி முடிவுகளையே தந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய அனைவருக்கும் நன்றி. எங்கள் ஆய்வேட்டுத் தொகுப்பை அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளில் தேடும்போது, 'கொங்கு' என்று தலைப்பிலேயே இருக்கும் ஏடுகள்கூட வராமல் போனதைக் கேட்டிருந்தேன்.

தரவை யூனிகோடு எண்களாகப் பிரித்துப் பாருங்கள் என்ற யோசனைதான் வழி காட்டியது. சில பதிவுகளில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒரே எழுத்தாக, 0பிசிஏ (0BCA) என்று இருந்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் அதுவே 0பிசி6 (0BC6), 0பிபிஇ (0BBE) என இரண்டாக இருந்தது. திரையில் துளி வேறுபாடும் தெரியாது; ஆனால் தேடல் இரண்டையும் வேறு சொற்களாகவே எடுத்துக்கொண்டது.

ஒரே எழுத்தின் இத்தகைய வேறு வடிவங்களை ஒன்றாக்கும் ஐசியு நார்மலைசர் சார்ஃபில்டரை, உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசருக்கு முன்னால் சேர்த்தேன். இன்டெக்ஸ் (பதிவுகளைத் தேடலுக்குத் தயாரிப்பது), கொயரி (தேடும் சொல்) இரண்டு பக்கமும். முழுத் தொகுப்பையும் மறுபடி இன்டெக்ஸ் செய்த பிறகே பலன் தெரிந்தது. இதை விட்டுவிடாதீர்கள்.

எழுத்துகளின் சிறு குறி வேறுபாடுகளை நீக்கும் ஐசியு ஃபோல்டிங்கைப் பரிந்துரைத்தவர்களுக்கு: அதுவும் ஒகரத்தைச் சரிசெய்கிறது, ஆனால் புள்ளியை நீக்கிவிடுகிறது. 'கல்' தேடினால் 'கல'வும் வருகிறது. தமிழுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எதிர்பாராதது ஒன்று. 'ஔவை'யை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்று தட்டச்சிட்ட பதிவுகள் நிறைய. இவை வேறு எழுத்துகள் என்பதால் நார்மலைசர் தொடாது. எதை எதாக மாற்றுவது என்று எழுதும் மேப்பிங் கோப்பில் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு வரி எழுதினேன். 'ஒள' எல்லாவற்றையும் மாற்றினால் 'ஒளி'யும் சிதையும்.