பழைய மொரிஸ் மைனரின் பெயின்ற் வெளுத்துவிட்டது: உரித்து அடிக்க வேண்டுமா, காப்பாற்றலாமா?

கோண்டாவில் பெடியன்:
வணக்கம். பெரியப்பாவின் மொரிஸ் மைனர் 1000 இப்போது எங்கள் வளவில் நிற்கிறது. கரும்பச்சை நிறம். எஞ்சினில் குறையில்லை, கவலை எல்லாம் மேற்பூச்சில்தான். பொனற், கூரை, டிக்கி மூன்றும் வெளுத்துப்போய், தடவினால் கையில் மாவாக ஒட்டுகிறது. கதவுகள் பரவாயில்லை. வாக்ஸ் பூசினால் கொஞ்ச நாள் பளபளப்பு, அப்புறம் பழையபடி. பொனற்றில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள். எவ்வளவு கழுவினாலும் போவதில்லை. முன் மட்காட்டின் அடிப்பக்கம், கதவை ஒட்டி, சின்னச் சின்னக் கொப்புளங்களும் இருக்கின்றன.

ஒரு கராஜில் “முழுக்க உரிச்சு அடிக்கோணும் தம்பி” என்று சொல்லி ஒரு விலை சொன்னார்கள். கேட்டதும் பேசாமல் வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் மெஷினால் கட் அண்ட் பொலிஷ் (மேலே தேய்த்து மினுக்குவது) அடித்து ஒரே நாளில் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்யலாம்? கார் நிற்பது வேம்புக்குக் கீழே, தறப்பாள் போட்டு. கழுவுவது கிணற்றுத் தண்ணீரில்.

பெயின்ற் ஐயா (சுன்னாகம்):
தம்பி, இரண்டுக்கும் இப்போது ஓம் சொல்லாதேயும். முதலில் மேலே இருப்பது என்ன பெயின்ற் என்று பாரும். வெள்ளைப் பனியன் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்து, டிக்கி மூடியின் உள்விளிம்பில் தேய்த்தால் துணியில் பச்சை ஏற வேண்டும். ஏறினால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மினுக்கப் பூச்சு) இல்லை, நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில்தான் இருக்கின்றன. பிறகு அதே இடத்தில் தின்னர் நனைத்த துணியை ஒற்றிப் பாரும். நிறம் கரைந்து துணிக்கு வந்தால் செலுலோஸ் என்ற பழைய வகைப் பெயின்ற். தோல் சுருங்கினால் எனாமல். ஒன்றுமே நடக்காவிட்டால் பிற்காலத்தில் யாரோ 2கே (இறுக்கி கலந்து அடிக்கும் பெயின்ற்) அடித்திருக்கிறார்கள். மொரிஸ் மைனர் 1000 வந்தது 1956 முதல் 1971 வரை. இவ்வளவு காலத்தில் எத்தனை கை பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன்.

மாப்பூப்பதற்குக் காரணம் வெயில். நிறத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் மேற்பரப்பில் சிதைந்துவிட, தூள் மட்டும் தனியே நிற்கும். அதற்குக் கீழே இருக்கும் பெயின்ற் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வாக்ஸை அந்தத் தூளுக்கு மேலே பூசினால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஆகவே செத்த படையை மட்டும் மெல்லக் கழற்ற வேண்டும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஒரு சாண் அகலமுள்ள இடமாக எடுத்து, மிகவும் மென்மையான பொலிஷால் கையால் தேய்த்து வாரும். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைப் பிடியும், இல்லாவிட்டால் கழன்ற தூளையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பீர். துணியில் முதலில் வெளிறிய பச்சை வரும், போகப் போகக் கரும்பச்சையாகும். அந்த இடத்தில் நிறுத்தும். பிறகு எண்ணெய்ப் பிடிப்புள்ள கிளேஸ் (மினுக்கம் தரும் பூச்சு) ஒன்றைத் தாராளமாகப் பூசி ஒரு இரவு விட்டு, காலையில் துடைத்து, வாக்ஸ் போடும்.

மெஷினைத் தகடு தெரிந்த கைதான் பிடிக்க வேண்டும். பொனற்றின் நடு மேட்டிலும் மட்காட் வளைவுகளிலும் பெயின்ற் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அங்கே மெஷின் கொஞ்சம் நின்றால் போதும், பிரைமர் தெரிந்துவிடும். ஒரே நாளில் தருகிறோம் என்பவர்களிடம் விளிம்புக்கு ரேப் (ஒட்டுநாடா) ஒட்டுவீர்களா என்று மட்டும் கேட்டுப் பாரும்.

நல்லூரான்:
எங்கட அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைப்பார், அவற்றை ஒஸ்ரின் ஏ40 சொமர்செட் கார் கண்ணாடி மாதிரி மின்னும். பெற்றோல் இல்லாத போர்க்காலத்தில் கார் ஓடியதும் அதில்தானே! உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே மருந்து.

பண்ணை வாசி:
அண்ணை, மின்னும்தான். மாப்பூத்த பெயின்ற் எந்த எண்ணெயைக் குடித்தாலும் கொஞ்ச நேரம் கறுத்து மினுங்கும். ஆனால் அந்த ஈரப்பசையில் செம்மண் தூசி வந்து ஒட்டும். அடுத்த நாள் அதே துணியால் துடைக்கும்போது தூசியாலேயே தேய்க்கிறோம். அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை, சரி. இப்போது வேண்டாம்.

கேட்ட தம்பிக்கு: அந்த வெள்ளைப் பொட்டு தண்ணீரால் வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. கேத்திலின் அடியில் படிவது எதுவோ அதேதான் பொனற்றிலும் காய்ந்து படிகிறது. வெயிலில் கழுவிக் காயவிட்டால் கட்டாயம் வரும். வினாகிரிக்குச் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பொட்டின் மேல் சற்று வைத்துவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். சுண்ணாம்பு மட்டும் என்றால் போய்விடும். பெயின்ற்றையே அரித்திருந்தால் தடம் நிற்கும், அதை ஐயா சொன்ன பொலிஷ்தான் பார்க்க வேண்டும். மாரியில் பீலியால் வரும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலை அதில் செய்கிறேன், பொட்டு வருவதில்லை. பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவாதீர்கள், போட்ட வாக்ஸை அது வழித்துக்கொண்டு போய்விடும்.

தறப்பாளைத்தான் முதலில் கழற்றுங்கள் என்பேன். அது மூச்சுவிடாது. இரவில் அடியில் ஈரம் கட்டும், பகலில் அந்த ஈரம் அவியும். சோளகக் காற்றில் அது அடித்து அடித்து உராய்வது வேறு. காற்றுப் போகும் துணி உறை கிடைத்தால் நல்லது, கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டால் அதைவிட நல்லது. வேம்பின் பிசினும் காக எச்சமும் வெயிலில் காய்ந்தால் பெயின்ற்றைச் சுட்டுவிடும். எச்சத்தைக் கண்டால் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள்.

கோண்டாவில் பெடியன்:
ஐயா, துணியில் நல்ல பச்சை. தின்னருக்கும் கரைந்தது, செலுலோஸ்தான் போல. கூரையில் ஒரு மூலையைச் செய்து பார்த்தேன், பக்கத்தில் இருப்பது வேறொரு காரின் கூரை போலத் தெரிகிறது! வினாகிரிக்கு முக்கால்வாசிப் பொட்டு போய்விட்டது. ஆனால் மட்காட்டுக் கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தினேன், உள்ளே மண்ணிறம்.

பெயின்ற் ஐயா (சுன்னாகம்):
மண்ணிறம் என்றால் கறள் (துரு), அதுவும் உள்ளிருந்து வருவது. மேலே தேய்த்துப் பூசினால் அடுத்த மாரிக்கு அதே இடத்தில் திரும்ப எழும்பும். மைனரில் முன் சில்லு எறியும் சேறு மட்காட்டுக்குப் பின்னால், கதவுப் பக்கத்து மூலையில் தங்கும். எந்த மைனரைப் பார்த்தாலும் அந்த இடம்தான் முதலில் போகும். நல்ல காலத்துக்கு அந்த மட்காட் போல்ற்றில் நிற்பது, கழற்றலாம். கழற்றும் முதல்நாள் போல்ற்றுகளுக்கு எண்ணெய் விடும். சேற்றை வழித்து, கறளைக் கம்பித் தூரிகையால் தகடு வெளிக்கும்வரை எடும். எட்டாத குழிகளுக்கு பொஸ்போரிக் அமிலக் கறள் மருந்து. ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடாதேயும், அது தகட்டு வேலை செய்யும் ரிங்கரிங்காரரின் வேலை, புதுத் தகடு ஒட்ட வேண்டும்.

பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். வோட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) எப்போதும் தண்ணீரோடு பிடியும், உலரத் தேய்த்துத் தூளைக் கிளப்பாதேயும். பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

எபொக்சி பிரைமர் அடித்து, மேலே செலுலோஸ் பச்சையை மெல்லிய பூச்சுகளாக. கடையில் 2கே எடுக்கச் சொல்வார்கள். அதில் ஐசோசயனேற் என்ற நச்சு இருக்கிறது, சும்மா முகமூடி காணாது, அதை வீட்டு முற்றத்தில் வைத்து அடிக்கவே வேண்டாம். இன்னொன்று: சாதாரண சாம்பல் பிரைமரோடு காரை மாதக்கணக்கில் நிறுத்திவிடாதேயும், அது தண்ணீரை உள்ளே விடும். வாடைக் காற்றும் மழையும் தொடங்க முதல் வேலையை முடித்துவிடும். மழை ஈரத்தில் செலுலோஸ் அடித்தால் வெள்ளைப் பனிப்புகார் மாதிரிப் படரும்.

கோண்டாவில் பெடியன்:
நன்றி ஐயா. மட்காட்டைக் கழற்றும்போது வேறு எதையும் பார்க்க வேண்டுமா?

பண்ணை வாசி:
கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், பெரும்பாலும் சேறு அடைத்திருக்கும். சைக்கிள் கம்பி ஒன்றால் குத்தித் திறந்துவிடுங்கள். பின் மட்காட்டுக்கும் பொடிக்கும் இடையில் ஓடும் பீடிங் பட்டை வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். கடலை ஒட்டிப் பண்ணைப் பாலத்தாலோ காரைநகர்ப் பக்கமோ போய் வந்தால், உப்புப் படியும் என்பதால் அன்றே அடிப்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள். உங்கள் கோண்டாவில் கிணறு சவர் (உப்புத் தண்ணீர்) இல்லைத்தானே? எங்கள் பக்கம் அதற்கும் பவுசர் (தண்ணீர் லொறி) தான்.